தோப்ரிலா போட்ட அறுபத்தொரு பூட்டுகள்

தோப்ரிலா ஒரு பயந்தாங்கொள்ளி. அவள் நல்லவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஒருவரிடமும் கைநீட்டிக் காசு வாங்காதவள் என்பதெல்லாம் பிறகு. முதலில் இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், கதவை யாராவது இரண்டு தடவைக்கு மேல் தட்டினால் பயம். எல்லாவற்றுக்கும் மேலே முத்திரை குத்திய காகிதத்துக்குப் பயம். அப்படிப்பட்டவள் யாப்லானிட்சா கிராம அலுவலகத்தில் ஒற்றை எழுத்தராக உட்கார்ந்து, முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்தியே பிழைத்தாள் என்றால் விதியை என்னவென்று சொல்வது!

அவள் புருஷன் மிலுட்டின் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். கேலி பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. "என் பொண்டாட்டி தபால்காரனைப் பாத்தா கையைத் தூக்கிட்டு நிப்பா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

ஆனால் காகிதம் ஒழிந்து எல்லாம் கணினிக்கு மாறப்போகிறது என்று செர்பியா முழுவதும் கிழவர்கள் புலம்பியபோது, தோப்ரிலா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காகிதம் அவளைப் படுத்திய பாடு அவளுக்குத்தான் தெரியும். குளிர்கால விறகு உதவிக்கு எழுதிய விண்ணப்பம் நகரத்துக்குப் போகிற வழியில் காணாமல் போகும். பராமரிப்பு உதவி கேட்டு எழுதியதை எலி தின்னும். ஒருமுறை பாவம் ஒரு கிழவர், அவருடைய விண்ணப்பம் கிடைத்துவிட்டது என்ற பதில் வருவதற்குள் செத்தே போனார். பழி யார்மேல்? எழுத்தர்மேல். இனி எதுவும் தொலையாது, எல்லாம் பத்திரம் என்று சொன்னதும் அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

நகரத்தில் இரண்டு நாள் பயிற்சி. "ஆளுக்கு ஒரு ரகசியச் சொல். மறக்காத சொல்லா இருக்கணும். எங்கயும் எழுதி வைக்கக் கூடாது. கடைசியில எண்ணும் வரணும்" என்றான் பாடம் நடத்தியவன். கைபேசி இல்லாத முதியவர்களுக்குக் குடிமக்கள் எண்ணும் இந்த ரகசியச் சொல்லும் போதும், கையெழுத்தே வேண்டாம். முடிவில் எழுத்தர்கள் எல்லோரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவருடைய ரகசியச் சொல் எழுத்தர் வழியாக வெளியே போனால் வேலை போகும், வழக்கும் வரும் என்று அதில் இருந்தது. ஓய்வு பெறப் பதினான்கு மாதம் பாக்கி இருந்த தோப்ரிலா அந்தத் தாளை மூன்று தடவை படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.

யாப்லானிட்சாவில் கைபேசி இல்லாத முதியவர்கள் அறுபத்தொரு பேர். ஒவ்வொருவராக அழைத்து உட்காரவைத்தாள். முதல் ஆள் பெட்கானா. எண்பத்திரண்டு வயது, பிள்ளை குட்டி இல்லை, இரண்டு கண்ணிலும் புரை.

"அத்தை, எதை நீங்க சாகற வரைக்கும் மறக்க மாட்டீங்க?"

"சாகற வரைக்குமா? என் புருஷன் செத்த தேதியே மறந்துபோச்சு. அவன் இருந்தப்ப அவன் இருக்கிறதே எனக்கு மறந்துபோகும்" என்று சிரித்தாள் பெட்கானா. பிறகு யோசித்தாள். "ஸ்லாவா. அதை எவ மறப்பா?"

தோப்ரிலா கையைத் தட்டினாள். அதானே! இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலசாமி மாதிரி ஒரு புனிதர்; அவருக்கு வருஷத்தில் ஒரு நாள்; அதுதான் ஸ்லாவா. பெயரை மறந்தவர்கள் உண்டு, பெற்ற பிள்ளையை மறந்தவர்கள் உண்டு, ஸ்லாவாவை மறந்தவர் கிடையாது. பெட்கானா வீட்டில் ஜுர்ஜிட்ஸ், நவம்பர் பதினாறு. ஜுர்ஜிட்ஸ் என்று அடித்து, பின்னால் 1611 என்று சேர்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து வந்தவர் வீட்டில் 'நிகோல்தான்' திருநாள், அதற்கடுத்தவர் வீட்டில் 'மித்ரோவ்தான்' திருநாள். மூன்று வாரத்தில் அறுபத்தொரு பூட்டும் போட்டு முடித்தாள். ஒருவருக்கும் மறக்காது, எங்கும் எழுதவும் வேண்டாம். பக்கத்து ஊர் எழுத்தர்கள் முழி பிதுங்கிக் கிடந்தபோது, இவள் நகரத்தில் பாராட்டு வாங்கினாள்.

நவம்பர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, அவள் கணினியைத் திறந்தாள். பட்டியலில் ஒரு புது விண்ணப்பம்.

*விண்ணப்பித்தவர்: பெட்கானா. ஞாயிறு, பிற்பகல் 1.10. கோரிக்கை: முதியோர் இல்லத்தில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளவும். காரணம்: தனியே வாழ முடியவில்லை, ஞாபக மறதி. வீட்டைக் கவனிக்கும் பொறுப்பு: கணவரின் அண்ணன் மகன் விதோயே. நிலை: ஏற்கப்பட்டது. அழைத்துச்செல்லும் நாள்: வியாழன்.*

தோப்ரிலா அதை இரண்டு தடவை படித்தாள். பெட்கானா கணினியைத் தொட்டதே இல்லை. திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. ஞாயிறு மதியம் அவள் கோழிக்குத் தீனி போட்டுவிட்டுத் தூங்குவாள், ஊருக்கே தெரியும். தோப்ரிலா விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினாள். அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. நடவடிக்கை தொடங்கிவிட்டதாம்.

நகரத்துச் சமூகநலப் பிரிவுக்குப் போன் போட்டாள். ஒலிவேரா என்ற அதிகாரி எடுத்தாள்.

"அம்மா, அந்தப் பெட்கானா விண்ணப்பம்... அவங்க போட்டிருக்க மாட்டாங்கன்னு தோணுது."

"தோணுதா? அவங்க ரகசியச் சொல்லைப் போட்டுத்தான் உள்ள போயிருக்கு. அது கையெழுத்துக்குச் சமம். வேற யாருக்காவது அந்தச் சொல் தெரியுமா? நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

தோப்ரிலாவுக்கு உறுதிமொழித் தாள் கண்முன்னே வந்து நின்றது.

"இல்லைங்கம்மா. நான் யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப அவங்களே போட்டதுதான். போட்டதை மறந்திருப்பாங்க. மறதின்னு அவங்களே எழுதியிருக்காங்களே" என்று சொல்லி ஒலிவேரா வைத்துவிட்டாள்.

சொன்னது பொய்யில்லை, அவள் யாரிடமும் சொல்லவில்லைதான். பிறகு எப்படி? மண்டையைக் குடைந்துகொண்டே ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாள். கடைக்காரி ஸ்லோபொதாங்கா ரொட்டியைச் சுற்றியபடி, "வியாழக்கிழமை பெட்கானா வீட்டுக்கு என்ன கொண்டுபோற? நான் காபித்தூள் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

"வியாழக்கிழமையா? உனக்கு எப்படித் தெரியும்?" தோப்ரிலாவின் குரல் கிறீச்சிட்டது.

"என்னடி இது கேள்வி! அவங்க வீட்டு ஜுர்ஜிட்ஸ் ஊருக்கே தெரியாதா? பொறந்த குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்."

தோப்ரிலா கடை மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்கே தெரியும். அழைப்பில்லாமல் போகிற விருந்து அது. தெரியாவிட்டால் எப்படிப் போவது? மறக்காத சொல் என்றதும் எவனுக்கும் முதலில் தோன்றுவதும் அதுதான். யார் வீட்டில் என்றைக்கு மெழுகுவர்த்தி எரியும் என்று இந்த ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். அறுபத்தொரு வீட்டுக்குப் பூட்டுப் போட்டு, அறுபத்தொரு சாவியையும் அந்தந்த வாசலிலேயே தொங்கவிட்டிருக்கிறாள்! யார் வேண்டுமானாலும் யாருடைய பெயரிலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இன்றைக்குப் பெட்கானா. நாளைக்கு? ரொட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மிலுட்டினிடம் மட்டும் சொன்னாள். அவன் முதல்முறையாகக் கேலி பேசவில்லை.

"விதோயே வேலைதான். பெட்கானா வீடு மெயின் ரோட்டு மேல இருக்கு. சத்திரம் கட்டப்போறேன்னு ரெண்டு வருஷமா அலையுறான். போய்ச் சொல்லிடு."

"சொன்னா என் வேலை போயிரும். வழக்கு வரும். பதினாலு மாசம்தான் பாக்கி."

"சொல்லலேன்னா?"

இதைச் சொல்ல எனக்கே கசக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்: செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் ஒன்றும் செய்யவில்லை. புதன்கிழமை மட்டும், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெட்கானா வீட்டுக்குப் போனாள்.

பெட்கானா ஸ்லாவா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அடுப்பில் கோதுமை வெந்துகொண்டிருந்தது. கண் தெரியாவிட்டாலும் சர்க்கரையும் வால்நட்டும் எங்கே என்று கை போய் எடுத்தது. நாற்பது வருஷமாக அதே அலமாரி, அதே தட்டு. கோழிகள் வாசல்படி வரை வந்து திரும்பின.

"யாரு, தோப்ரிலாவா? உன் நடை கோழி நடை மாதிரி, கேட்டதும் தெரிஞ்சிரும். நாளைக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு நினைக்கிற? போன வருஷம் இருபத்தாறு. கதவைத் திறந்தே போட்டுருவேன். யாரா இருந்தா என்ன, வர்றவங்க வரட்டும்."

யார் வரப்போகிறார்கள் என்று தோப்ரிலாவுக்குத் தெரியும். வெள்ளை வண்டி வரும்.

"அத்தை..."

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. உப்பு போட்டீங்களா?"

"ஸ்லாவா ரொட்டிக்கு உப்பு போட்டேனான்னு கேக்குறியே! உனக்குத்தான் மறதி வந்துருச்சு" என்று பெட்கானா மாவுக் கையோடு சிரித்தாள். தோப்ரிலா வெளியே வந்து வேலியோரம் நின்று வாந்தி எடுத்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. பாதிரியார் ரொட்டியை ஆசீர்வதித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார். பெரிய மெழுகுவர்த்தி எரிந்தது. தோப்ரிலா கதவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். மிலுட்டின் ஊற்றிக்கொடுத்த ப்ளம் சாராயம் அவள் கையில் அப்படியே இருந்தது. வெளியே வண்டி நிற்கிற சத்தம் கேட்டது.

விதோயே முன்னால் வந்தான். பின்னால் கையில் டேப்லட்டோடு ஒலிவேரா, அவளுக்குப் பின்னால் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரைச் சேர்ந்த டிரைவர்.

காலடிச் சத்தம் கேட்ட பெட்கானா கோதுமைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "வாங்க, வாங்க! முதல்ல இதைத் தின்னுட்டு அப்புறம் யாருன்னு சொல்லுங்க."

ஸ்லாவா கோதுமையை யாரும் மறுக்க முடியாது. டிரைவர் தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டு, ஒரு கரண்டி தின்றான். "ஸ்லாவா சிறக்கட்டும் அத்தை" என்றான். ஒலிவேராவும் தின்றாள். விழுங்கிவிட்டுத்தான் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்க இல்லத்துல சேரணும்னு கேட்டிருந்தீங்க. இடம் கிடைச்சிருக்கு. இன்னைக்கே கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்."

"நானா? நான் எங்க கேட்டேன்?"

விதோயே பெருமூச்சு விட்டான். "பாத்தீங்களா மேடம்? ஞாயித்துக்கிழமை கேட்டது, வியாழக்கிழமை ஞாபகம் இல்ல. இதுக்குத்தான் நானும் தவியா தவிக்கிறேன். சித்தி, துணிமணி எடுத்துக்குங்க, நான் கூடவே வர்றேன்."

"நான் கேக்கலடா!"

"கேட்டீங்க சித்தி. மறந்துட்டீங்க."

எவ்வளவு தூரம் அவள் மறுத்தாளோ அவ்வளவு தூரம் மறதி நிரூபணமானது. ஒலிவேரா கல்நெஞ்சுக்காரி இல்லை. பெட்கானாவின் தோளில் கைவைத்து மெதுவாகப் பேசினாள். அந்த மெதுவான பேச்சுதான் தோப்ரிலாவை அதிகமாக உலுக்கியது. இருபது பேர் இருந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரசாங்கம் வந்து நின்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஷூவைப் பார்க்கத்தான் தெரியும்.

பெட்கானா கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். அவள் முகம் அறையில் யாரையோ தேடியது.

"தோப்ரிலா, இங்கதானே இருக்க? நீ சொல்லுடி. நான் கேட்டேனா? கேட்டுட்டு மறந்துட்டேனா?"

அவள் நிஜமாகவே கேட்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தோப்ரிலா எழுந்தாள்.

"அவங்க கேக்கல. தப்பு என்னோடது. அந்த ரகசியச் சொல்லைப் போட்டது நான்."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலன்னு போன்ல சொன்னீங்களே?" என்றாள் ஒலிவேரா.

"சொல்லல. சொல்லத் தேவையே இல்ல." தோப்ரிலா டிரைவரின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க இந்த ஊர் இல்ல. இவங்களை முன்னப்பின்ன பாத்ததில்ல. சரிதானே?"

"இல்லம்மா, இன்னைக்குத்தான்."

"இந்த வீட்டுல இன்னைக்கு என்ன நாள்?"

டிரைவர் மெழுகுவர்த்தியைப் பார்த்தான். "ஜுர்ஜிட்ஸ்."

"மேடம், அந்த டேப்லட்டை அவர்கிட்ட குடுங்க. அத்தையோட குடிமக்கள் எண் உங்ககிட்டயே இருக்கு. விதோயேகிட்டயும் இருக்கும், அவனைத்தான் வருஷா வருஷம் மருந்துச் சீட்டுக்கு அனுப்புவாங்க. அண்ணே, இந்த நாளோட பேரை அடிங்க, பின்னாடியே இன்னைக்குத் தேதியும் மாசமும் அடிங்க."

டிரைவர் ஒற்றை விரலால் அடித்தான். திரை திறந்தது. "வணக்கம், பெட்கானா" என்று டேப்லட் ஒரு பெண்குரலில் இனிமையாகச் சொன்னது. கண் தெரியாதவர்களுக்காக வைத்த வசதி அது. பெட்கானா திடுக்கிட்டு, "யாரது கூப்பிட்டது?" என்றாள்.

ஒலிவேரா டேப்லட்டைத் திரும்ப வாங்கினாள். அவள் விதோயேயைப் பார்த்தாள். அவன் கதவைப் பார்த்தான்.

"இந்த ஒரு வீடு மட்டும்தானா?" என்று ஒலிவேரா தோப்ரிலாவிடம் கேட்டாள்.

"அறுபத்தொரு பேர் மேடம். எல்லாருக்கும் அவங்கவங்க ஸ்லாவாதான்."

சுவரோரம் நின்ற கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விதோயே மெல்லத் தொப்பியை எடுத்தான்.

"எங்கப்பா கிளம்பிட்ட? பன்றி வறுவல் இன்னும் வரல" என்றான் மிலுட்டின். "சித்திக்குத் துணிமணி எடுத்து வைக்கணும்னியே, உன்னோடதையும் எடுத்துட்டு வா. வண்டி சும்மாதானே போகுது." ஒருவரும் சிரிக்கவில்லை. விதோயே போய்விட்டான்.

ஒலிவேரா விண்ணப்பத்தை நிறுத்திவைத்தாள். விசாரணை வரும் என்றாள். பிறகு தோப்ரிலாவிடம், "திங்கக்கிழமை காலையில நகரத்துக்கு வந்துடுங்க. உறுதிமொழி போட்டிருக்கீங்க, நான் எழுதித்தான் ஆகணும். அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மாத்திடுங்க. இப்ப, இவங்களோடதை என் டேப்லட்லயே மாத்துங்க" என்றாள். குரலில் கோபமில்லை. வாசலுக்குப் போனவள் முதுகைத் திருப்பிக்கொண்டு, தன் கைபேசியில் அவசர அவசரமாக எதையோ மாற்றினாள். அவள் வீட்டிலும் ஸ்லாவா உண்டுதானே.

தோப்ரிலா பெட்கானாவைப் படுக்கையறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"அத்தை, யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்லுங்க. நீங்க மறக்காததா இருக்கணும்."

"யாருக்கும் தெரியாததா? இந்த ஊர்லயா?" பெட்கானா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. பக்கத்து அறையில் தட்டுகள் சத்தம் போட்டன. பிறகு தோப்ரிலாவின் காதருகே குனிந்து ஒரு பெயரைச் சொன்னாள். ஆண்பிள்ளைப் பெயர். அது இங்கே வேண்டாம்.

தோப்ரிலா அடித்தாள். "கடைசியில எண் வேணும் அத்தை."

"பதினொண்ணு போடு."

"பதினொண்ணா? ஏன்?"

"அத்தனை நாள்தான் இருந்தான்." பெட்கானா மடியில் இருந்த மாவுக் கறையைத் தேய்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி. பழச்சாறு ஆலையில வேலைக்குப் போயிருந்தப்ப. ஞானஸ்நானம்கூட ஆகல, பேரு நானா வெச்சது. என் புருஷனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

தோப்ரிலா எண்ணையும் அடித்தாள். திரையில் இன்னொரு கட்டம் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை, தப்பில்லாம இருக்கான்னு மறுபடி ஒரு தடவை கேக்குது."

பெட்கானா இந்தத் தடவை குனியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, ஓரளவு சத்தமாகவே சொன்னாள். அறுபத்து மூன்று வருஷமாக வாய்விட்டுச் சொல்லாத பெயரை ஒரே நாளில் இரண்டு தடவை. பச்சை விளக்கு எரிந்தது.

"இனிமே ஒவ்வொரு தடவையும் இதைக் கேக்குமா?"

"கேக்கும் அத்தை."

"கேக்கட்டும்" என்றாள் பெட்கானா. கையை நீட்டித் தோப்ரிலாவின் முழங்காலைத் தேடிப் பிடித்தாள். "நீதானே உக்காந்திருப்ப? வேற யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன்."

கதவுக்கு வெளியே மற்ற அறுபது பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் சொல்லையும் மாற்றக் காத்து நின்றார்கள். திங்கட்கிழமைக்கு நடுவில் மூன்று நாள்தான் இருந்தது. அதன் பிறகு அந்த நாற்காலியில் யார் உட்காரப்போகிறார்களோ, தோப்ரிலாவுக்குத் தெரியாது.

"நான்தான் இருப்பேன் அத்தை" என்றாள்.